எதிராளியின் விலாசம்

...அதுக்கில்லைங்க அன்பழகன், நான் ஒண்ணும் உங்களத் தேடி வரல. தலைச்சோலைக்கு ஒரு வேலையா வந்தேன், ஜீப்புக்காரன் உங்க ஊட்டு வாசல்ல எறக்கி உட்டுட்டான். ஆமா, நான் சொல்லித்தான் எறக்குனான்னு வைங்களேன். உக்காருன்னு சொல்லாட்டியும் உக்காந்துக்கறேன், முட்டி ரெண்டும் போயிருச்சு.

பத்தொம்பது வருசமா எங்கூடப் பேசல. இன்னைக்கும் பேச வேண்டாம். மாரியப்பன் வந்தான், அவனே பேசுனான், போனான்னு இருக்கட்டும்.

கல்லுமேட்டுப் பாதைய அடச்சுட்டானுங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. பனிமுகடு ரிசார்ட்டுக்காரனுங்க. எஸ்டேட் கூலிக்காரங்க லைன் ஊடுகள்ல இருந்து மஞ்சக்குட்டை பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பாதையிலதான் ஜனங்க மூணு தலமொறையா நடந்துச்சு. இப்ப இரும்பு கேட்டு. பக்கத்துல போர்டு, 'விருந்தினர் நடைபாதை'ன்னு. லைன் ஊட்டு புவனேஸ்வரி புள்ளைங்க ரெண்டும் நாலு கிலோமீட்டர் ரோட்டச் சுத்திப் பள்ளிக்கூடம் போவுது. மழையில, லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி. இது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது... செரி, செரி, முகத்தச் சுளிக்காதீங்க. நோட்டீஸ் எழுதி எழுதிப் பழகுன வாய்.

பாதையத் தெறக்கச் சொல்லி மனுக் குடுத்தேன், அடுத்த மாசம் பதினெட்டாந் தேதி விசாரணை. ஆபீசர் புதுசு, சின்ன வயசு. அன்னைக்கு நாலு பக்க மனுவ நீட்டுறேன், வாங்கி ஓரமா வெச்சுட்டு, 'இருங்க ஐயா'ன்னு போனத் தட்டித் தேடறாரு. 'கல்லுமேட்டுப் பாதை.' மொதல்ல எது வருது? ரிசார்ட்டுக்காரனோட இணையப் பக்கம். 'விருந்தினருக்காக நாங்களே அமைத்த இயற்கை நடை'. நாங்களே அமைத்த. கேட்டீங்களா?

நானும் இணையத்துல ஒரு பக்கம் வெச்சிருக்கேனுங்க. பழைய எஸ்டேட் வரைபடம், மூணு பெரியவங்க வாக்குமூலம், போட்டோ எல்லாம் போட்டு. அது எங்க வருதுங்கறீங்க? தட்டித் தட்டி ஒம்பதாவது பக்கத்துல. அந்த ஆபீசர் ரெண்டாவது பக்கத்துக்கே போகல.

கடுப்பாயிருச்சு. நேரா ஏற்காட்டுல கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கற நந்தினிகிட்டப் போனேன். 'என்ன கண்ணு, காசு குடுத்து மேல போயிட்டானா?'ன்னேன். அது சொல்லுது, 'இல்லைங்கய்யா. ஒரு பக்கத்துக்கு மத்த பக்கங்கள்ல இருந்து எத்தன லிங்க் வருதுன்னு அந்தத் தேடற மிசினு பாக்கும். ஒவ்வொரு லிங்கும் ஒரு ஓட்டு மாதிரி. நாலு பேரு மதிக்கற பக்கத்துல இருந்து வந்தா அந்த ஓட்டுக்கு வெயிட்டு அதிகம்.'

அதெப்புடி? ஆளுக்கொரு ஓட்டு, எல்லா ஓட்டும் சமம், இதுக்குத்தானே நாம உண்டியல் குலுக்குனோம்? இது பண்ணையார் ஜனநாயகம்னேன். 'நான் என்னங்கய்யா பண்றது'ன்னு ஒரு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருச்சு.

வரிசைன்னதும் நாவகம் வருது. நோட்டீஸ்ல உங்க பேரு எம் பேருக்கு மேல வந்துச்சுன்னுதான் நான் நம்ம சங்கத்தப் பிரிச்சேன்னு சொல்லிட்டுத் திரியறீங்களாம். அகர வரிசைன்னீங்க. செரிதான். ஆனா அகர வரிசைங்கறதே 'அ'வுல பேரு ஆரம்பிக்கறவன் கண்டுபுடிச்சதுதானுங்க. அத அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்.

எங்க உட்டேன்... ஆங், ஓட்டு. அந்த ரிசார்ட்டுக்காரனுக்கு யாருடா ஓட்டுப் போட்டது, பட்டியல எடு கண்ணுன்னேன். எடுத்துச்சு. எடுத்துட்டு என் மூஞ்சியப் பாக்குது. பட்டியலப் பாக்குது. மறுபடியும் என் மூஞ்சி.

சேலம், தருமபுரி, நாமக்கல்... மொத்தம் நாப்பத்தேழு அமைப்பு. எல்லாம் நம்ம ஆளுங்க. நம்ம சங்கம், நம்ம மன்றம், நம்ம பேரவை.

சிரிக்காதீங்க.

கண்டன நோட்டீஸ்னா எதிராளி பேரு, விலாசம் முழுசா இருக்கணும். இல்லீனா அது மொட்டக் கடுதாசி. நீங்களும் நானும் படிச்ச பாடம் அதுதானுங்களே? நான் எழுதுன கண்டனத்துக்குக் கீழ எல்லாம் அவன் இணையதள விலாசத்த முழுசாப் போட்டேன். 'இந்த அயோக்கியத்தனத்தை இங்கேயே போய்ப் பாருங்கள்'னு. நாப்பத்தேழு பேரும் ஒரு புள்ளி மாறாம அவங்கவங்க பக்கத்துல போட்டாங்க. அந்த மிசினு கண்டனத்தப் படிக்காதாம். லிங்க மட்டும் எண்ணுமாம்.

நம்ம விலாசமா? அதப் போடாதீங்கன்னு நாந்தான் சொன்னேன். தற்பெருமையாத் தெரியும்னு.

ஆச்சு, எல்லாத்துக்கும் எழுதுனேன், அத எடுத்துருங்கன்னு. நாப்பத்தோரு வருசத்துல மாரியப்பன் வாபஸ் வாங்குன மொத நோட்டீஸ் அது. எட்டுப் பேரு எடுத்தாங்க. பாதிப் பேத்துக்குப் பாஸ்வேர்டு மறந்து போச்சு. ஒரு பேரவையில அது தெரிஞ்சவரு காலமாயிட்டாரு. மீதிப் பேரு, 'தோழர் விலை போயிட்டாரா?'ன்னு எம்மேலயே கண்டனம் போட்டிருக்காங்க. அதுலயும் அவன் விலாசம் முழுசா இருக்குது.

காபி நல்லாருக்குது. சக்கர கம்மி. நாவகம் வெச்சிருக்கீங்க.

ஏனுங்க... உங்க மலைக்காபி இணையப் பக்கத்துக்குக் காலேஜுக்காரங்க, பத்திரிக்கைக்காரங்கன்னு எங்கெங்கயோ இருந்து லிங்க் வருதாமா. காபியும் குருவியும்னு நீங்க எழுதறத நான் படிக்கறதில்ல. எப்பவாச்சும். அந்தக் கொண்டலாத்திக் குருவி பத்தி எழுதுனது செரியில்ல, அது வேற... நந்தினி சொல்லுச்சு, உங்க பக்கத்துல இருந்து ஒண்ணு வந்தா நொம்ப வெயிட்டாம். இப்பப் போட்டாத்தான் பதினெட்டாந் தேதிக்குள்ள மேல வருமாம். எனக்காக வேண்டாமுங்க. அந்தப் புள்ளைங்க நடக்குதுல்ல, அதுக்கு.

என்னங்க எந்திரிச்சுட்டீங்க? உள்ள போறாரு. போகட்டும். கேட்டது நானு, கேக்க வேண்டியவன் நானு, வெட்டிப் பெருமை பேசுனவனும்...

அட, லேப்டாப்பா? கண்ணாடி எங்க... திருப்புங்க இந்தப் பக்கம். 'கல்லுமேட்டுப் பாதையின் உண்மை வரலாறு. எழுதியவர் மாரியப்பன். இவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் இவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை.' கீழ எம் பக்கத்து விலாசம், முழுசா.

பத்து நிமிசமா? முக்கா மணி நேரமா உக்காந்துதானே இருந்த அன்பழகா.

செரி, இருக்கட்டும். திட்டா பாராட்டான்னு மிசினு பாக்காது. நானும் பாக்கல. போடு.