பொழுதுக்குள் போய்ச் சேரணும்

சாயங்காலம் ஆறு அடிக்கப் போகிற நேரம். பாலாற்றை ஒட்டிய வாலாஜாபாத் சாலை... ஒரு ஈ காக்கை இல்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் கூட்டாளி சக்கரவர்த்தியின் அத்தை கனகமாலாவுக்கு எழுபத்திரண்டாம் வருஷம் நடந்தது.

அவர்கள் சமணர்கள். விளக்கு வைத்துவிட்டால் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. கணவர் ஜீவந்தரனுக்கு வாலாஜாபாத்தில் அரிசி மில், வீடு செவிலிமேட்டில். பழைய கார் உருண்டு வருவதற்குள் இருட்டிவிடும். அன்று அவர் பட்டினி... அவளும் பட்டினி.

அதனால்தான் தாவீதின் பட்டறைக்குப் போனார். இஞ்சின் ஹெட்டைச் சீவி, வேறு கார்பரேட்டர் மாட்டினால் வண்டி பறக்கும் என்றான் தாவீது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டார் மனுஷன். வண்டி எடுக்கிற அன்று கனகமாலாவும் கூடப் போனாள். மாட்டியிருந்த கார்பரேட்டரின் இடுக்கில் ஈர மணல். அவளுக்கு அது சரியாகப் படவில்லை.

"இது எந்த வண்டியுதுப்பா?"

"பாலாத்துல கவுந்த வண்டிம்மா."

"ஓட்னவரு?"

"போய்ச் சேந்துட்டாரு."

பிரேக்கையும் பார்த்தாயா என்று கேட்டாள்.

"வேகத்துக்குத்தாம்மா சொன்னாரு. பட்டறையத் தாண்டிட்டா எனக்குப் பொறுப்பு இல்ல."

ஜீவந்தரன் சிரித்தார். "எனக்குப் பொழுதுக்குள்ள போய்ச் சேரணும், அவ்ளோதாம்பா."

'வீட்டுக்கு' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டார். அவள் முழங்கையால் இடித்தாள். சொன்னது சொன்னதுதான்.

தாவீது தலையைத் தூக்கவில்லை. "சேத்துடலாம்," என்றான்.

மறுநாள்... வெயில் இன்னும் சுவரில் இருந்தது. கார்ச் சத்தமே கேட்கவில்லை. ஆனால் ஜீவந்தரன் உள்ளே வந்துவிட்டார். பெட்ரோல் வாடை. கூடவே ஈர மணல் வாடை. முகம் காட்டாமல் உட்கார்ந்தார்.

"கூட ஒருத்தர் வந்துருக்காரு. இன்னொரு எலை போடு."

யாரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்... அந்தத் தாவீதையா? அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் இரண்டு இலை போட்டுப் பரிமாறினாள். பின்னால் கிணற்றடியில் சளப்... சளப்... யாரோ கால் கழுவினார்கள். ரசம் எடுக்க அடுக்களைக்குள் போனாள்.

அப்போது வாசலில் குரல். அடுக்களையின் பக்கவழியாக வெளியே வந்தாள். மணல் வண்டிக்காரர் வேலாயுதம்.

"அம்மா... ஐயா காரு மதகுல மோதி ஆத்துல கெடக்குது. பிரேக் புடிக்கல போல. ஐயா..."

"அவரு உள்ள சாப்ட்டுக்கினு இருக்காரு."

வேலாயுதம் கையை நீட்டினார். உள்ளங்கையில் கார்ச் சாவி.

"நான்தாம்மா உருவுனேன். இஞ்சின் நிக்கல. இன்னும் ஓடிக்கினே இருக்குது."

அவள் உள்ளே ஓடினாள். கூடத்தில் யாரும் இல்லை. இரண்டு இலையிலும் ஒரு பருக்கை மிச்சம் இல்லை.

விருந்தில் சாப்பிட்டால் இலையைத் தன் பக்கம் மடிப்போம், மறுபடி வருவோம் என்று. சாவு வீட்டில் மட்டும் எதிர்ப்பக்கம். ஜீவந்தரனின் இலை எதிர்ப்பக்கம் மடிந்திருந்தது.

அந்த இன்னொரு இலை... தன் பக்கமாக மடிந்திருந்தது.