ஓடிக்கொண்டிருந்த கமரா

"எல்லாரும் படுங்கோ."

கத்துகிறேன். செல் ஏவும் குத்துச் சத்தம் கேட்டுவிட்டது. மேற்கே, களப்புக்கு அப்பால், ஆமிப் பக்கம். அங்கே குத்தினால் இங்கே விழும். எண்ணுகிறேன். பதினொன்றில் விழுகிறது. கிணற்றடிப் பக்கம். மணல் வந்து கண்ணில் அடிக்கிறது.

இரண்டாயிரத்து ஒன்பது, பங்குனி. மாத்தளன். காலை ஏழேகால். பதுங்குகுழியின் வாசலில் நிற்கிறேன். மார்பளவு ஆழம். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டைகள். மூட்டைகள் சேலையில் தைத்தவை. ஒன்று கௌரியின் கூறைச்சேலை. கௌரி என் மனைவி. தன் தாயோடு உள்ளே இருக்கிறாள். என் வலது கை கமராவின் பட்டிக்குள் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. படம் ஓடுகிறது.

இரண்டாவது. கிட்ட. பக்கத்துக் கொட்டிலின் தறப்பாள் கிழிந்து மேலே பறக்கிறது. அங்கே ஒரு பிள்ளை அழுகிறது. சுமதிக்கு அந்தக் குரல் தெரியும். சுமதி கௌரியின் தங்கை. இருபத்து மூன்று வயது. முன்பள்ளி ஆசிரியை. அந்தப் பிள்ளை கிளிநொச்சியில் அவளிடம் படித்தது. குழியின் விளிம்பில் கையூன்றி ஏறுகிறாள்.

"அவளைப் பிடியுங்கோ."

கௌரி கத்துகிறாள். என்னிடம்தான். சுமதி என் வலப்பக்கத்தால் ஓடினாள். சட்டை என் முழங்கையில் உரசியது. நான் பிடிக்கவில்லை. கை பட்டிக்குள் இருந்தது.

மூன்றாவதற்குக் குத்துச் சத்தமே கேட்கவில்லை.

பிள்ளை தப்பியது. தாய் வந்து தூக்கிக்கொண்டு போனாள். சுமதியைப் பத்து மணிக்கு முன்னர் அந்த மணலில் புதைத்தோம். பெட்டி இல்லை. கிழிந்த அந்தத் தறப்பாளில் சுற்றினோம். அதன் பிறகுதான் பார்த்தேன். கமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கிளிநொச்சியில் கலியாண வீடியோ எடுத்தவன். சாமத்தியவீடு, புதுவீட்டுக் குடிபூரல், கோயில் திருவிழா. இடம்பெயர்ந்தபோது கடையைப் பூட்டினேன். கமராவை மட்டும் கொண்டுவந்தேன். படம் எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த வேலை அது. உழவு இயந்திரப் பற்றரியில் மின்னேற்றினேன். கஞ்சி வரிசைகளை எடுத்தேன். கொட்டில்களை எடுத்தேன். பதினேழு கசற் சேர்ந்தது.

வைகாசியில் களப்பைக் கடந்தோம். தண்ணீர் நெஞ்சளவு. அதற்கு முன்னரே கௌரியின் தாயும் இறந்துவிட்டார். முன்னால் போனவர்களின் பொதிகளை ஆமி திறந்து பார்க்கிறது என்று வரிசையில் கதை வந்தது. கௌரி என் சட்டையைப் பின்னால் பிடித்திருந்தாள்.

"எறியுங்கோ. எல்லாத்தையும் எறியுங்கோ."

கமராவையும் பதினேழு கசற்றையும் பையோடு தண்ணீருக்குள் விட்டேன். உடனே தாழவில்லை. கொஞ்சத் தூரம் எங்களோடு மிதந்து வந்தது. பிறகு தாழ்ந்தது.

இப்போது ஒஸ்லோ. புருசெத்தில் இருக்கிறோம், ஐந்தாம் மாடியில். நகரின் கிழக்கே ஒரு கலாசார மண்டபத்தில் நான் ஒலி, ஒளி பார்க்கிறேன். கௌரி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை. ஒரு தடவையும் இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

இந்த வசந்தத்தில் எங்கள் மண்டபத்தில் பாலஸ்தீனக் கலைவிழா நடந்தது. நான்கு நாட்கள். திரைப்படங்கள், ஓவியங்கள், நிழற்படங்கள். படங்களை மாட்டியதும் நான்தான். நடைவழியில் கரிக்கோட்டு ஓவியங்கள். கடைசிச் சுவர் முழுக்கக் குடும்பப் படங்கள், பெரிதாக்கியவை. பிறந்தநாள், கடற்கரை, பள்ளிச் சீருடை. சிலவற்றின் ஓரம் எரிந்திருந்தது. இடிபாட்டுக்குள் இருந்து எடுத்தவை என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள். மட்டம் பார்த்து மாட்டினேன். ஆணி அடிக்கும்போது அந்த முகங்களைப் பார்க்காமல் அடித்தேன்.

சனிக்கிழமைப் படம் ஹனான் என்ற பெண்ணுடையது. காசாவில் இருந்து வந்தவள். முப்பது வயதிருக்கும். படம் இருபத்திரண்டு நிமிடம். கைபேசியில் எடுத்தது. எடுத்தவன் அவளுடைய தம்பி யூசுப். அவன் உயிரோடு இல்லை. கைபேசி மட்டும் அவளிடம் வந்து சேர்ந்தது. அவள் வெட்டி ஒட்டிப் படமாக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. ஒலி சரிபார்க்கிறோம். மண்டபத்தில் நாங்கள் இருவரும்தான். எட்டாவது நிமிடத்தில் முதல் வெடி. அடுத்தது. ஒரு பெண் அரபியில் கத்துகிறாள். மொழி விளங்கவில்லை. அந்தத் தொனி விளங்கியது. என் விரல் ஒலிப்பலகையில் தானாகக் கீழே இறங்கியது.

ஹனான் எழுந்து பின்னால் வந்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள்.

"சத்தத்தைக் குறைத்தீர்களா?"

"ஓம். ஆட்களுக்குக் கூடிப்போகும்."

"ஆட்களுக்கா, உங்களுக்கா?"

பொய் சொல்ல முடியவில்லை. எங்கே இருந்து வந்தேன் என்று சொன்னேன். பதினேழு கசற்றையும் சொன்னேன். சுமதியைச் சொல்லவில்லை. ஹனான் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

"கத்துவது என் அம்மா," என்றாள். "கைபேசியை வை, உள்ளே வா என்கிறார். அவன் வைக்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் முழுதாக வேண்டும்."

சரி என்றேன். அளவை ஒரு துண்டில் எழுதி ஒலிப்பலகையில் ஒட்டினேன்.

சனி, மதியம் இரண்டு மணி. மண்டபம் நிறைந்திருந்தது. விளக்கை அணைக்கப் போகும்போது கௌரியைக் கண்டேன். நான்காவது வரிசை. வருவதாகச் சொல்லவில்லை. அவளோடு வேலை செய்யும் பாலஸ்தீனப் பெண் கூட்டி வந்திருந்தாள். இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று கௌரிக்குத் தெரியுமா? ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். நேரமில்லை. படம் தொடங்கிவிட்டது.

எட்டாவது நிமிடம். நான் துண்டில் எழுதிய அளவு. முதல் வெடி. நிலம் அதிர்கிறது. இரண்டாவது. கௌரியின் தலை மறைகிறது. கதிரைக்கு முன்னால் குனிந்து இரண்டு கையாலும் காதை மூடியிருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் இடையில் பதினைந்து அடி. என் விரல் ஒலிப்பலகையில் இருக்கிறது. போகவில்லை. குறைக்கவும் இல்லை. இதை எழுதும்போதும் ஏனென்று சொல்லத் தெரியவில்லை. ஹனானுக்கு வாக்குக் கொடுத்தேன் என்று சொல்லலாம். அது முழு உண்மை இல்லை. பயந்துவிட்டேன்.

படம் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. விளக்கைப் போட்டேன். கௌரி நிமிர்ந்து இருந்தாள். தோழி அவள் முதுகில் கை வைத்திருந்தாள்.

கேள்வி நேரம். முன்வரிசையில் ஒரு நோர்வேஜியர் எழுந்தார். வயதானவர். மரியாதையாகத்தான் கேட்டார். படம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் யாருக்காவது உதவியிருக்கலாம் அல்லவா என்றார்.

ஹனான் ஒலிவாங்கியை எடுத்தாள். பிறகு சொன்னாள்.

"படம் எடுத்தவன் என் தம்பி. உங்களுக்குப் பதில் சொல்ல அவன் இல்லை."

அவர் இருந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

அப்போது கௌரி எழுந்தாள். ஒலிவாங்கியைக் கேட்கவில்லை. நோர்வே மொழியில் கதைத்தாள். முதியோர் இல்லத்தில் கதைப்பதுபோல, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. தானும் ஒரு போரில் இருந்து வந்தவள் என்றாள். தன் தங்கை செத்த நேரத்தில் தன் கணவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார் என்றாள். "அதுக்காக இத்தனை வருசம் அவரோட கோவம். அந்தப் படத்தைத் தண்ணிக்குள்ள எறியச் சொன்னதும் நான்தான். இப்ப என்னட்ட அவளின்ர படம் ஒண்டும் இல்லை. முகம் மறந்து போகுது." இந்தக் கடைசி வரிகள் அவளுக்கு நோர்வே மொழியில் வரவில்லை. தமிழில் சொன்னாள். அந்த மண்டபத்தில் அவை எனக்கு மட்டும்தான் விளங்கின.

ஹனான் மேடையில் இருந்து இறங்கி வந்தாள். மொழி தெரியாமலே கௌரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் குடும்பப் படங்களின் சுவருக்கு முன்னால் இருவரும் போய் நின்றதைப் பிறகு கண்டேன். நான் கம்பிகளைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு நிலக்கீழ் ரயில் எடுத்தோம். எதிரெதிரே இருந்தோம். புருசெத்தில் இறங்கி நடந்தோம். பனி உருகி, மாரியில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சிறுகற்கள் வீதியெல்லாம் கிடந்தன. எங்கள் கட்டடத்து வாசலில் அவள் நின்றாள்.

"அந்தக் கசற்றில என்ன இருந்தது?"

"நான் போட்டுப் பாக்கேல்லை."

"எடுத்தது நீங்கள்தானே. என்ன இருந்தது?"

சொன்னேன். முதல் செல்லுக்கு முன்னர், ஏழு மணிக்கு, சுமதி தலை இழுத்துக்கொண்டிருந்தாள். சீப்பில் பாதிப் பல்லு இல்லை. நான் கமராவை அவள் பக்கம் திருப்பினேன். கையால் மறைத்தாள். பிறகு கையை எடுத்தாள். "இதை ஆர் அத்தான் இருந்து பாக்கப் போயினம்?" என்றாள். சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல்லு ஏறியிருக்கும். அது தெரிந்தது.

"ஓம்," என்றாள் கௌரி. "இடப்பக்கத்துப் பல்லு."

"நான் அவளைப் பிடிச்சிருக்கலாம்."

"ஓம்."

"கை பட்டிக்குள்ள இருந்தது."

"தெரியும். நான் பாத்தனான்."

பிடித்திருந்தாலும் சுமதி நின்றிருக்கமாட்டாள் என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கதவைத் திறந்தாள். படியில் ஏறும்போது திரும்பாமலே சொன்னாள்.

"அதை எழுதுங்கோ. எல்லாத்தையும். உங்கட கையையும் எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். இழந்தவை இவை.

சுமதி, இருபத்து மூன்று வயது. கௌரியின் தாய், சித்திரை மாதம், காலில் பட்ட காயம் ஆறாமல். என் தமையன் சிவராசா, களப்பைக் கடந்த அன்று எங்களுக்குப் பின்னால் வந்தவர், இன்றுவரை வந்து சேரவில்லை. பக்கத்துக் குழியில் ஐந்து பேர். அவர்களில் இருவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. கிளிநொச்சியில் ஒரு வீடு, ஒரு கடை. கடைக்குள் மற்றவர்களின் கலியாணங்கள், நூற்றுக்கு மேல். பதினேழு கசற். சுமதியின் எல்லாப் படங்களும்.

யூசுப், இருபத்தாறு வயது. இந்தப் பெயரை இங்கே சேர்க்கச் சொன்னது கௌரி.