கதவுக்கு முதுகு கொடுத்த காவற்காரன்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜேசுபாதம் ஐயா அவர்களே, முன்வரிசைக்கு முடிசூட்டியதுபோல் வீற்றிருக்கும் முதியோர்களே, பகலெல்லாம் உப்புச் சுமந்த களைப்போடும் இந்த மணலில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தருவைகுளத்திலிருந்து தோணியேறி வந்திருக்கும் தோழர்களே, கடைவீதி அண்ணாச்சிமார்களே, அதோ, கடைசி வரிசைக்கும் பின்னால் கம்பூன்றி நிற்கும் காவல் கம்பெனியின் காக்கிச்சட்டைத் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் வக்கீல் வேதமணியின் வணக்கம்.

ஆம், தம்பிகளையும் சேர்த்துத்தான் வணங்குகிறேன். ஏன் நிற்கிறீர்கள்? உட்காருங்கள். கடற்கரை மணல் யாருக்கும் குத்தகை போகவில்லை. உட்கார மாட்டீர்களா? சரி, நிற்கச் சொல்லி உத்தரவு போலிருக்கிறது. நான் பேச வந்ததும் உத்தரவைப் பற்றித்தான்.

நாளைக் காலை நகரசபையில் ஒரு தீர்மானம் வருகிறது. துறைமுகத்துத் தெருக்களின் காவல் முழுவதையும் தென்கடல் காவல் கம்பெனிக்குக் கொடுப்பதா, கூடாதா என்று கைதூக்கப் போகிறார்கள். கம்பெனி யாருடையது? ராவ்சாகிப் ஆறுமுகநயினார் அவர்களின் மைத்துனருடையது. ராவ்சாகிப் யார்? நேற்று வெள்ளைக்காரக் கலெக்டருக்கு மாலை சூட்டியவர். இன்று நம் மந்திரிமாருக்கு மாலை சூட்டுகிறவர். மாலை அதேதான், கழுத்துதான் வேறு. நேற்று அவர் உடம்பில் கோட்டு, இன்று கதர். துணி மாறுவது குற்றமல்ல, தோழர்களே. துணி மாறியும் கை மாறவில்லையே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உலக யுத்தக் காலத்தில், சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கிகளில் களவு பெருகியது. அந்த அச்சத்தில் பிறந்தது இந்தக் கம்பெனி. அச்சத்தில் பிறந்த பிள்ளைக்கு அச்சமே ஆகாரம். ஊரில் பயம் குறைந்தால் அதற்குப் பசி எடுக்கும். பசித்தால் என்ன செய்யும்? பயத்தைத் தானே பயிரிடும். எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்லுகிறேன்.

கம்பெனியின் தகரப் பலகையைக் கதவில் அறைந்துகொண்ட கிட்டங்கியில் ஒரு துரும்பும் அசையாது. பலகை வேண்டாம் என்றவர் கிட்டங்கியில் ஓடு பிரியும், பூட்டு முறியும். கருவாட்டு வியாபாரி வில்பிரட் வேண்டாமென்றார். கூரை பிரிந்தது. மறுநாளே அவர் கதவிலும் பலகை ஏறியது. அவரைக் குறை சொல்லாதீர்கள். பிள்ளைகுட்டிக்காரர்.

அவருக்கு அடுத்த கிட்டங்கி சீனித்தாயம்மாளுடையது. கணவர் காலமான பின் கருப்பட்டி வியாபாரத்தைத் தன் தோளில் தூக்கி நிறுத்தியவர். கம்பெனி ஆட்கள் பலகையும் ஆணியுமாகப் போய் நின்றார்கள். அவர் கருப்பட்டியை ஓலையில் பொதிந்து சிப்பம் கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பாராமல், ஒன்று கேட்டாராம்.

“ஏங்கதவுக்குப் பூட்டு இருக்கு. தெருவுக்குப் போலீசு இருக்கு. நடுவுல நீங்க யாருல?”

சட்டப் புத்தகங்களைச் சுமந்து திரியும் எங்களில் எவரும் கேட்காத கேள்வி அது. பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர்கள் திரும்பினார்கள். ஆனால் அவர்கள் திரும்பியது போவதற்கல்ல, மறுபடி வருவதற்கு.

அந்தத் தெருமுனையில் கம்பெனி நிறுத்தியிருந்த காவற்காரன் பெயர் சிவனாண்டி. விளாத்திகுளத்துக் கரிசல்காட்டுக்காரன். வானம் பொய்த்து மண் வெடித்தபோது மனைவியோடு இந்தத் துறைமுகத்துக்குப் பிழைக்க வந்தவன். மில்லர்புரத்தில் ராவ்சாகிப் பங்களா வாசலில் பலநாள் காத்துக்கிடந்து, அவர் காலில் விழுந்து, ஒரு காக்கிச்சட்டை வாங்கினான். அந்தச் சட்டைதான் அவன் வீட்டு அடுப்பை எரியவைத்தது. அதை மறந்துவிடாதீர்கள். அவன் வீரனாகப் பிறந்தவனல்ல. பசியோடு வந்தவன்.

மாதா கோயில் திருவிழா வந்தது. சப்பரம் பார்க்க ஊரே திரண்டது. அந்திப்பொழுதில் கம்பெனி மேஸ்திரி சிவனாண்டியிடம் வந்து, நீயும் போய்ச் சப்பரம் பார்த்துவிட்டு வா என்று அன்பாகச் சொன்னார். என்றைக்கும் இல்லாத அன்பு. தெருமுனையில் காவல் நிற்க வேண்டாமா என்று இவன் கேட்க, இன்றைக்கு நிற்காமலிருப்பதுதான் காவல் என்று அவர் சிரித்தார். இவனுக்குப் புரிந்துவிட்டது.

போயிருக்கலாம். போயிருந்தால் யாரும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பாதித் தெரு நடந்தவன் திரும்பினான். ஏன் திரும்பினாய் என்று பின்னாளில் நான் கேட்டேன். நடக்க நடக்கக் கால் கனத்துப்போயிற்று என்று மட்டும் சொன்னான்.

என்ன சலசலப்பு அங்கே? ஒலிபெருக்கிக் கம்பியை யாரோ இழுக்கிறார்களா? இழுக்கட்டும். கச்சான் காற்றில் கத்திப் பழகிய தொண்டை இது. தாய்மார்களே, எழுந்திருக்காதீர்கள். எழுந்தால் அவர்கள் வந்த வேலை முடிந்துவிடும்.

அன்றைக்குச் சீனித்தாயம்மாள் கிட்டங்கிக்கு வந்தவர்கள், காக்கிச்சட்டையைக் கழற்றிவிட்டு வந்த கம்பெனி ஆட்களே. கடப்பாரையோடு வந்தார்கள். சீனித்தாயம்மாள் கதவில் சாய்ந்து நின்றான் சிவனாண்டி. விலகச் சொன்னார்கள். விலகவில்லை. விசில் ஊதினான். அடித்தார்கள். ஊதினான். வலக்கை எலும்பு முறிந்தது. இடக்கையால் விசிலைப் பிடித்து ஊதினான். சப்பரக் கூட்டத்திலிருந்து சீனித்தாயம்மாளும் ஆட்களும் ஓடிவந்தபோது அவன் வாயில் இரத்தமும் விசிலும் மட்டுமே இருந்தன.

திருடர்கள் ஓடினார்கள். பிறகு நடந்ததைக் கேளுங்கள். கைது செய்யப்பட்டவன் சிவனாண்டி. பூட்டை உடைக்கும்போது கையும் களவுமாகப் பிடித்தோம் என்று கம்பெனியே புகார் கொடுத்தது. மில்லர்புரத்திலிருந்து ஒரு டெலிபோன் வந்தது. ஓர் அதிகாரி பேனாவை எடுத்தார். காவற்காரன் கள்வனானான். ஒடிந்த கையில் விலங்கு மாட்ட முடியாமல் மற்றக் கையில் மாட்டினார்கள்.

சீனித்தாயம்மாளிடம் சமாதானம் பேச ஆள் போனது. நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும், ஆயுள் முழுக்க உன் கிட்டங்கிக்கு இலவசக் காவல் என்றார்களாம். அந்த அம்மாள் வந்தவருக்குப் பானக்கம் கொடுத்துக் குடிக்கவைத்து அனுப்பிவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தார்.

வழக்கு நடந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய அவரைக் கம்பெனி வக்கீல் மடக்கப் பார்த்தார். கதவருகே நின்றவன் கதவை உடைக்கத்தானே நின்றிருப்பான் என்றார். அவர் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்:

“ஐயா, கதவ ஒடைக்கவன் கதவப் பாத்துல்லா நிப்பான். இவன் கதவுக்கு முதுகு குடுத்து நின்னான். காயத்தப் பாருங்க, எல்லாம் முன்பக்கம். முதுகுல ஒரு கீறல் உண்டுமா?”

சிவனாண்டியைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நெற்றியில், நெஞ்சில், தோளில், முழங்கையில் தழும்புகள். முதுகு சுத்தம். அவன் விடுதலையானான். என் வாதத்தால் அல்ல. ஒரு கருப்பட்டி வியாபாரியின் கண்ணால்.

கை தட்டுகிறீர்கள். தட்டாதீர்கள். கதை இன்னும் முடியவில்லை. அடித்தவர்கள்மேல் இன்றுவரை வழக்கில்லை. கம்பெனி கலையவில்லை, கொழுக்கிறது. நாளை ஊரின் கதவுகளையெல்லாம் அதன் கையில் கொடுக்கப் போகிறோம்.

நம் கதை மட்டும் சுத்தமா? கடைவீதிக்காரர்கள் கூடி, நாமே ஒரு காவற்படை வைப்போம், சிவனாண்டியைத் தலைவனாக்குவோம் என்று முடிவெடுத்தார்கள். அவன் தங்கியிருந்த சீனித்தாயம்மாள் வீட்டு முற்றத்தில் புதுச்சட்டையோடு போய் நின்றோம். அவன் சட்டையைத் தொடவில்லை.

“அண்ணாச்சி, அவுக சட்ட குடுத்தாக, ஒரு வேல சொன்னாக. நீங்களும் குடுக்கிய. நாளைக்கி நீங்களும் ஒரு வேல சொல்லுவிய. அப்பம் உங்களப் பத்தி நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?”

சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினோம். ஐப்பசி மழை இறங்கியதும் அவன் மனைவியோடு விளாத்திகுளத்துக்கு விதைக்கப் போய்விட்டான். முறிந்த கை சரியாகக் கூடவில்லை என்று கேள்வி. மனைவி ஏர் பிடிக்க, இவன் இடக்கையால் விதை தூவுகிறானாம்.

அவன் கேட்டதுதான் தோழர்களே, இந்த மேடையின் ஒரே பொருள். காவற்காரன் யாரிடம் போய்ச் சொல்வது? தன்னைக் காக்க யாருமில்லாதவன் ஊரை எப்படிக் காப்பான்? காவல் என்பது சரக்கா, சந்தையில் விற்க? காவல் என்பது சீதனமா, மைத்துனனுக்குக் கொடுக்க? காவல் ஊருடையது என்றால், கணக்கும் ஊருக்கு முன்னால், கண்டிப்பும் ஊருக்கு முன்னால், தவறான உத்தரவு போட்டவன் தலைகுனிவதும் ஊருக்கு முன்னால் நடக்க வேண்டும். அது இல்லாத காவலுக்கு ராவ்சாகிப் பெயர் வைத்தாலும், என் பெயர் வைத்தாலும், அது களவின் மறுபெயரே.

காக்கித் தம்பிகளே, உங்களில் இருவர் உட்கார்ந்துவிட்டதைப் பார்க்கிறேன். நன்றி. உங்கள் பெயரைக் கேட்க மாட்டேன்.

இன்று காலை சீனித்தாயம்மாள் என்னிடம் சொன்னார்: “நாளைக்கி நான் கிட்டங்கியப் பூட்டிட்டு நகரசபை வாசல்ல வந்து இருக்கப் போறேன், வக்கீலய்யா. எங்கூட யாரெல்லாம் வாரா?”

ஊரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நீங்களே அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு செவி கொடுத்த தலைவருக்கும், தாய்மார்களுக்கும், இருந்து கேட்டவர்களுக்கும், நின்று கேட்டவர்களுக்கும் என் நன்றி. காலையில் நகரசபை வாசலில் சந்திக்கும்வரை, வணக்கம்.