அன்னாசி தைத்த கைக்குட்டை

அன்னாசியை எம்பிராய்டரி செய்வது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பழம் சுலபம்தான். மஞ்சள் நூலில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டால் முடிந்தது. அதன் தலையில் நிற்கும் இலைக்கொத்துதான் படுத்தும். இலைக்கு இலை பச்சை மாற வேண்டும். இல்லாவிட்டால் துடைப்பத்தைத் தலைகீழாகச் செருகிவைத்த மாதிரி இருக்கும். டெஸ்ஸாவின் கைக்குட்டைக்கு நான் நல்ல நூலாகத்தான் எடுத்தேன். நீங்கள் அதை பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துத் திணித்து வைத்திருக்கிறீர்கள். மடிப்பில் நூல் நைந்துபோகும். சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. உங்கள் காகிதத்தில் என்னை மருத்துவச்சி என்று எழுதியிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அடித்துவிடுங்கள். நான் டூலா. குழந்தையைப் பிடிக்க மருத்துவச்சி இருக்கிறாள், இயந்திரத்தைப் பார்க்க நர்ஸ் இருக்கிறாள், எல்லாம் முடிந்தபின் வந்து கைகுலுக்க டாக்டர் இருக்கிறார். பெற்றுக்கொண்டிருக்கிறவளைப் பார்க்க யாருமில்லை. அதற்குத்தான் என்னை வைத்துக்கொள்கிறார்கள். இடுப்பை நீவிவிடுவேன், நெற்றியைத் துடைப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். டுலூத்தில் வெர்னா சண்ட்க்விஸ்ட் என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஏரிக்கரையில் பாதிப் பேர் என் விரலை நெரித்துக்கொண்டே பெற்றவர்கள்.

பெற வருகிறவர்களை நான் மதித்தேனா என்று கேட்டால், பொய் சொல்ல விரும்பவில்லை. முன்பு வந்தவர்கள் பயந்துகொண்டு வந்தார்கள். பயத்தில் ஒரு மரியாதை உண்டு. இப்போது வருகிறவர்கள் ஆசைப்பட்டு வருகிறார்கள். பேட்டரியில் எரியும் மெழுகுவத்தி வாங்குகிறார்கள், திமிங்கிலம் முனகும் ஒலிப்பதிவு வாங்குகிறார்கள். முதுகில் மரத்துப்போக வைக்கும் ஊசி போடாமல் பெற்றேன் என்று பிறகு நாலு பேரிடம் சொல்ல வேண்டும், அதற்காகவே பெறுகிறார்கள்.

டெஸ்ஸா மாரத்தான் ஓடுகிறவள். முதன்முதலாக அவர்கள் வீட்டுக்குப் போனபோது, கூடத்துச் சுவர் முழுக்கப் பதக்கங்கள் தொங்கின. எல்லாம் ஜெயித்ததற்கு என்று நினைத்துவிட்டேன்.

"ஐயோ, இல்ல வெர்னா. ஓடி முடிச்சா எல்லாருக்கும் மாட்டி விடுவாங்க."

"கடைசியா வந்தவனுக்குமா?"

"அவனும் முடிச்சான்ல."

அவள் கணவன் கர்ட் காப்பி கொண்டுவந்தான். பள்ளியில் பிள்ளைகளுக்கு டிராம்போன் சொல்லிக்கொடுக்கிறவன். காற்றை ஊதிப் பிழைப்பவன் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான். கோப்பையை எங்கே வைப்பது என்றுகூட மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

ஊசியில்லாமல் பெற நினைக்கிறவர்கள் கடைசி நேரம்வரை வீட்டிலேயே வலி தாங்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வலி ஏறும்போது எல்லோரும் கெஞ்சுவார்கள்: முடியலை, ஊசி போடுங்கள், கொன்றுவிடுங்கள். அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டால் ஒருத்தியும் ஊசியில்லாமல் பெற மாட்டாள். அதனால் முன்கூட்டியே ஒரு சொல் வைத்துக்கொள்வோம். பிரசவத்தில் யார் வாயிலும் தற்செயலாக வராத சொல். அது வரும்வரை அவள் என்ன கதறினாலும் தைரியம்தான் சொல்ல வேண்டும். அது வந்துவிட்டால் நிஜமாகவே போதும் என்று பொருள். உடனே ஆஸ்பத்திரி, உடனே ஊசி, கேள்வி கேட்கக்கூடாது.

கர்ட்டை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு டெஸ்ஸா என் காதருகே வந்தாள்.

"அன்னாசி. சரியா? ஆனா அவன்கிட்ட சொல்லாதீங்க."

"ஏன்?"

"நான் ஒரு தும்மல் போட்டாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான். சொல் தெரிஞ்சா, எப்ப வரும் எப்ப வரும்னு என் வாயையே பாத்துட்டு இருப்பான். நமக்குள்ளயே இருக்கட்டும்." பிறகு உரக்கச் சொன்னாள்: "கர்ட், நான் கெஞ்சினா நீ கண்டுக்கக் கூடாது. வெர்னா போலாம்னு சொன்னாத்தான் போகணும். சத்தியம் பண்ணு."

"சத்தியம்," என்றான் அவன், கையில் காப்பிப் பாத்திரத்தோடு.

இதற்கு மேல் என்னுடைய ஏற்பாடு ஒன்று உண்டு. மற்ற டூலாக்கள் செய்வதில்லை. எந்தச் சொல்லோ அந்தப் பொருளை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் தைப்பேன். பிரசவம் நடக்கும்போதே மூலையில் உட்கார்ந்து தைப்பேன். நான் நிதானமாக இருக்கிறேன் என்று அவர்களுக்கும் தெரியும். சொல்லைச் சொல்லாமலே பெற்றுவிட்டால் பிறகு வீட்டுக்குப் போய்க் கொடுப்பேன். நீ சொல்லாத சொல் இதோ, வைத்துக்கொள் என்பேன். சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். டெஸ்ஸா அதைக் கேட்டதுமே சுவரில் எந்த இடம் என்று பார்த்துவிட்டாள். பதக்கங்களுக்கு நடுவில் ஓர் ஆணி காலியாக இருந்தது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை கூப்பிட்டார்கள். ஏரி உறைந்திருந்தது, தெருவில் புதிதாகப் பனி விழுந்திருந்தது. டெஸ்ஸா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். திமிங்கிலம் முனகிக்கொண்டிருந்தது. நான் மூலை நாற்காலியில் உட்கார்ந்து மஞ்சள் நூலை எடுத்தேன்.

மதியத்துக்கு முன்பே கெஞ்ச ஆரம்பித்தாள். அது ஒப்பந்தப்படிதான்.

"வெர்னா, ஊசி. ப்ளீஸ். நான் அன்னிக்கு சும்மா பெருமைக்குச் சொன்னேன்."

"அருமையா பண்றே கண்ணு."

"நாசமாப் போங்க."

"அதுவும் அருமை."

கர்ட் கதவருகே நின்று என்னைப் பார்த்தான். "போயிடலாமா?"

"நீ போய் உன் டிராம்போனைத் துடை."

அப்புறம் ஒரு மாதிரி அமைதியானாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கத்தாமல், தெளிவாக, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அன்னாசி."

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. அப்போது கடைசி இலையில் இருந்தேன், பாதி முடிந்திருந்தது. போட்ட தையலைப் பிரிப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

"என்ன? அன்னாசியா?" என்றான் கர்ட்.

"பழம் கேக்கறா," என்றேன். "வலியில இப்படி ஏதாவது தோணும். போய் வாங்கிட்டு வா."

"டெஸ்ஸா, நிஜமாவா?"

"அன்னாசி," என்றாள் அவள் மறுபடி, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னாசி, அன்னாசி."

"பாரு, எவ்வளவு ஆசைப்படறா. ஓடு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்த ஆணைப் போலச் சந்தோஷமான பிராணி உலகத்தில் கிடையாது. கோட்டை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு ஓடினான்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டபின் அவள் சொன்னாள்: "நான் சொல்லிட்டேன் வெர்னா. உங்களுக்குக் கேட்டுச்சு."

"மூச்சை மெதுவா விடு."

"இந்த வலி விட்டு விட்டு வரலை. விடவே இல்லை. கொஞ்ச நேரமா குழந்தை அசையலை."

வயிற்றில் கை வைத்தேன். வலி வந்தால் வயிறு இறுகும், போனால் இளகும். அது இளகவில்லை, பலகை மாதிரி இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். இத்தனை வருடம் வயிற்றைத் தொட்டவளுக்குத் தெரியாமல் இருக்குமா? உள்ளே நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டால் அப்படித்தான் கல்லாகும். ரத்தம் சில சமயம் வெளியில் வராது, உள்ளேயே தேங்கும். ஆனால் பயந்து இறுக்கிக்கொள்கிறவர்களுக்கும் வயிறு கல்லாக இருக்கும். இவள் அந்த ரகம் என்று முடிவு செய்தேன். முடிவுதான் செய்தேன், எதையும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி இருந்தது.

"அசையாம இருந்தா தூங்குதுன்னு அர்த்தம்," என்றேன். "நீயும் கண்ணை மூடு."

கர்ட் டப்பாவோடு வந்தான். பழமாகக் கிடைக்கவில்லையாம். டப்பா திறக்கும் கருவியைத் தேடி அடுக்களையில் இழுப்பறை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினான். ஒரு வளையத்தை முள்கரண்டியில் குத்திக்கொண்டு, பாகு சொட்டச் சொட்ட, அவள் வாய்க்கு நேரே நீட்டினான்.

"இந்தா செல்லம். நீ கேட்டது."

அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ கர்ட்."

அவன் என் பக்கம் திரும்பினான். சத்தியம் செய்தவன் இல்லையா. நான் தலையை அசைத்தேன், இன்னும் வேண்டாம் என்று. அவன் குனிந்து அவள் காதில், "நீ ரொம்ப தைரியசாலி," என்றான். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம். ஒரு வார்த்தையும் சொந்தமாக வராது அவனுக்கு. அவள் கரண்டியைத் தட்டிவிட்டாள். விரிப்பெல்லாம் பாகு.

இலையை முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைக் கடித்தேன். வெளியே வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. அவள் உதடு வெளுத்துப்போய்ப் பேச்சு நின்றபோது, "இப்ப போலாம்," என்றேன். நான் சொல்லித்தான் போனார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் லொரேன் என்ற நர்ஸ் வயிற்றில் துடிப்புக் கேட்கும் கருவியை வைத்து நகர்த்தினாள், மறுபடி நகர்த்தினாள். பிறகு யாரையோ கத்திக் கூப்பிட்டாள். அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. அழவில்லை. டெஸ்ஸா பிழைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். எந்தப் பிரசவமானாலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது என் முறை. பிள்ளைக்கென்று வைத்திருந்த அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மயக்க மருந்தும் காய்ச்சலுமாக அந்த நாள் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருந்தது.

"நான் சொன்னேன்னு தோணுது வெர்னா. அந்தச் சொல்லை."

"மனசுக்குள்ள சொல்லியிருப்பே கண்ணு. வாயில வரலை."

"என் குரல் எனக்கே கேட்ட மாதிரி இருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"அப்ப நான் சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா."

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? எல்லாவற்றையும் இழந்தவளுக்கு ஒன்றாவது மிஞ்சட்டுமே என்று நினைத்தேன். சொல்லாமல் தாங்கினாள் என்ற பெயராவது. பதக்கம் கேட்டவளுக்குப் பதக்கம் கொடுத்தேன். அவள் நன்றிகூடச் சொன்னாள்.

அது அதோடு முடிந்திருக்கும். அவள் அதை மாட்டவில்லை, இழுப்பறைக்குள் வைத்துவிட்டாள். வசந்தத்தில் அந்த அறையைக் காலிசெய்யும்போது கர்ட் கண்ணில் பட்டிருக்கிறது. என் வீட்டு வாசலில் இருவரும் வந்து நின்றபோது அவன்தான் கையில் பிடித்திருந்தான்.

"இது எதுக்குன்னு கேட்டேன், சொன்னா," என்றான். குரல் ஊதுகுழலில் எச்சில் அடைத்த மாதிரி இருந்தது. "அன்னிக்கு இதைத்தானே கேட்டுட்டே இருந்தா. நான் கடைக்குப் போனேன். டப்பா வாங்கிட்டு வந்தேன். நீங்கதானே அனுப்பினீங்க."

டெஸ்ஸா அழவில்லை. "நாலு மாசம்," என்றாள். "நாலு மாசமா நான்தான் சொல்லலைன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"உள்ள வாங்க, காப்பி போடறேன்," என்றேன். வரவில்லை. அங்கிருந்து நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். சொன்னவர்கள்தான் அதிகம். துடுப்பு என்று வைத்துக்கொண்டவளும் சொன்னாள், நீர்நாய் என்று வைத்துக்கொண்டவளும் சொன்னாள், முள்ளங்கி என்று வைத்துக்கொண்ட பேராசிரியை விடியற்காலையிலிருந்து சொன்னாள். சொன்னதற்காக யாரையும் நான் முன்கூட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளப்பவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கைக்குட்டையோடு போய், நீ சொல்லவே இல்லை என்றேன். ஒவ்வொருத்தியும் நம்பினாள், நம்ப ஆசைப்படுகிறவளை நம்பவைக்க என்ன கஷ்டம்? வருடா வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார்கள், பிள்ளைகள் படத்தோடு. அவர்கள் வீடுகளுக்கு ஆள் அனுப்பி விசாரிக்காதீர்கள். சுவரில் மாட்டியிருப்பதைக் கழற்றினால் அந்த இடம் வெளுத்துத் தெரியும்.

செய்தேனா என்றால் செய்தேன். கேட்டது, தெரிந்தது, தைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

எதற்காக இந்த வேலைக்கு வந்தேன் என்றா? அதை யாரும் கேட்டதில்லை. என் மகள் பிறந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கையை வாரால் கட்டியிருந்தார்கள். ஏதோ கிழிகிறது, நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று சொன்னேன். டாக்டர், தான் மீன்பிடிக்கப் போன கதையை நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டை அவிழ்த்தபிறகு, நீ ஒரு சத்தமும் போடவில்லை, நல்ல பெண் என்று கன்னத்தில் தட்டினார். அன்று படுக்கையில் கிடந்தபடியே முடிவுசெய்தேன்: பெற்றுக்கொண்டிருக்கிறவள் ஒரு வார்த்தை சொன்னால், அதைக் காதில் வாங்கிக்கொள்ள அந்த அறையில் ஒருத்தியாவது இருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் இருந்திருக்கிறேன்.