நடுவில் ஒரு முழம்

கூட்டிப் பெருக்குவதில் எனக்கு எப்போதுமே சோம்பல் கிடையாது, ஐயா. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் வீட்டுக்காரர் தச்சர். கட்டிலோ வண்டிச் சக்கரமோ, ஈட்டி மரம் என்றால்தான் அவருக்குக் கை ஓடும். எங்கள் மாடி வராந்தாவின் கைப்பிடியும் அதில்தான் செய்தார். கருஞ்சிவப்பு நிறம், தடவினால் வழுக்கும். எங்களோடு வந்து தங்கிவிட்ட என் அக்காவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

“உன் புருஷன் செஞ்சதுதானே? உள்ள என்னத்த வச்சு ஒப்பேத்தினானோ.”

இதை இருபது வருஷம் கேட்டேன்.

சாகும் முன் அவர் என்னை அருகில் கூப்பிட்டார். “கைப்பிடியில நடுவுல ஒரு முழம் வைரம் பாயாத வெள்ளை மரம். ஈட்டியோட வெளிப்பக்கம். மரம் பத்தல, சாயம் ஏத்திட்டேன். என்னிக்காவது உளுத்துடும். ஆள வச்சு மாத்திடு.”

ஆள் வந்தால் அக்கா பக்கத்திலேயே நிற்பாள். “நான் அப்பவே சொல்லல?” என்பாள். அதை மட்டும் என்னால் கேட்க முடியாது, ஐயா.

மூன்றாம் வருஷம் கைப்பிடிக்கு அடியில் மாவு உதிர ஆரம்பித்தது. வண்டு வைரத்தைத் தொடவில்லை; அந்த ஒரு முழத்தை மட்டும் தின்றது. அக்கா எழுவதற்குள் கூட்டிவிடுவேன். துளைகளில் மெழுகு அடைத்து, மேலே சாயம் தடவுவேன். காதை வைத்தால் உள்ளே நறநறவென்று கேட்கும். இப்படி ஆறு வருஷம்.

அன்று காலை அக்கா காபி தம்ளரோடு வந்து கையை ஊன்றினாள்.

“என்னடி இது, ஆடுது?”

“ஈட்டிக்கா அது. யானை சாஞ்சாலும் தாங்கும்.”

“அப்படியே உன் புருஷன் பேச்சு.”

“நல்லா சாஞ்சுதான் பாரேன்.”

என்னைப் பார்த்துச் சிரித்தாள். திரும்பி, முதுகு முழுவதையும் கொடுத்துச் சாய்ந்தாள். முதல் தடவையாக அவரை நம்பினாள்.

அவள் கத்தவில்லை. தம்ளர் உருண்ட சத்தம்தான் கேட்டது. மாவு நிறையக் கொட்டியிருந்தது. அதைக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் கீழே இறங்கினேன். அதுவரை மூச்சு இருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

நான் தள்ளவில்லை. ஆனால் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அங்கே இரும்புக் கைப்பிடி. இருந்தும் விடிந்தால் அதே இடத்தில் ஒரு சிட்டிகை மாவு கிடக்கிறது. இன்றைக்கும் கூட்டிவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். அக்கா கண்ணில் பட்டுவிடக் கூடாதே.