அளக்காமல் எழுதிய சீட்டு

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, பதக்கம் சேர்க்கிறேன் என்று வீட்டில் அன்றாடம் திட்டு வாங்கும் அன்பர்களே, கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்திருக்கும் அம்மையீர்! பழைய ராணுவப் பதக்கங்களில் அசல் எது, நகல் எது என்று முப்பது ஆண்டுகள் நமக்குச் சொல்லிவந்த தலைமைப் பரிசோதகர், நம் லென்ஸ் அண்ணன் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. அவருக்கு அடுத்த அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். பிழைப்புக்குக் கடிகாரம் பழுதுபார்ப்பவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மேடை ஏறும்போது தலைவர் என் காதில் சொன்னார்: "நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்க. அந்தக் கதையெல்லாம் இன்னைக்கு வேண்டாம்." நாலு என்ன, நாற்பது சொல்வேன். அண்ணனைப் பற்றிய நல்ல வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் அந்தக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். தலைவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்தாலும் சரி.

யார் இந்த லென்ஸ் அண்ணன்? தொழிற்சாலையில் அச்சு வெட்டியவர். எஃகுக் கட்டையில் உருவத்தைத் தலைகீழாகச் செதுக்குவது அவர் வேலை. அந்த அச்சால் ஓங்கி அடித்த பதக்கத்தில் வீரனின் தலைமுடி இழை இழையாக நிற்கும். அசலை மண்ணில் பதித்து, அந்தக் குழியில் உலோகத்தை உருக்கி ஊற்றி எடுத்த நகலில், அதே முடி ஒன்றோடொன்று ஒட்டி மொழுக்கென்று கிடக்கும். இதை அவர் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கையால் செய்து தெரிந்துகொண்டார். ஒருமுறை பெரிய வியாபாரி ஒருவர் வெல்வெட் பெட்டியில் ஒன்பது பதக்கம் கொண்டுவந்தார். அண்ணன் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, அதில் இருந்த குதிரை உருவத்தின் வயிற்றுக்குக் கீழே நகத்தை வைத்துப் பார்த்தார். ஒன்பதிலும் அதே இடத்தில் அதே சின்னப் பள்ளம்! "ஏங்க, ஒன்பது பேரும் ஒரே கல்லு மேலயா விழுந்தாங்க?" என்று கேட்டார். பெட்டியை மூடிக்கொண்டு போன மனிதர்தான், அப்புறம் ஆளையே காணோம்.

ஏமாந்து வந்தவர்களிடம் அவர் ஒருநாளாவது சிரித்திருப்பாரா? "நல்லாத்தான் செஞ்சிருக்கான், யாரா இருந்தாலும் ஏமாந்துதான் போவாங்க" என்று முதலில் ஆறுதல் சொல்வார். பிறகுதான் நகல் என்பார். அந்த மனசு யாருக்கு வரும்!

அவர் கொண்டுவந்ததுதான் இரண்டு சீட்டு முறை. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பதக்கம் வந்தால் முதலில் அண்ணன் தன் அறையில் பார்ப்பார். எடை போடுவார், லென்ஸில் உருவத்தைப் பார்ப்பார், ரிப்பனைப் புற ஊதா விளக்கில் காட்டுவார். பழைய நூல் அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்கும். இந்தக் காலத்து நூல் நீலமாகப் பளிச்சிடும். தன் முடிவை ஒரு சீட்டில் எழுதி, மடித்துத் தகர டப்பாவில் போடுவார். பிறகு பதக்கம் என் அறைக்கு வரும். உலோகத்தின் குறுக்களவை வெர்னியர் வைத்து அளப்பது என் வேலை. உருக்கி வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும், ஆகவே நகல் அசலைவிட இம்மியளவு சிறுத்திருக்கும். நானும் என் சீட்டை எழுதிப் போடுவேன். பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. இரண்டு சீட்டும் ஒத்துப்போனால்தான் சான்றிதழ். "என் கண்ணை நானே நம்ப மாட்டேன்டா, அதுக்குத்தான் நீ இருக்கே" என்பார். ஆம், அதற்குத்தான் நான் இருந்தேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, அந்தக் கடைசி வரிசை அம்மையார் ஒரு பதக்கத்தோடு வந்தார். போரில் தன் அப்பா காட்டிய தீரத்துக்காகக் கொடுத்தது என்றார். அப்பா காலமாகிவிட்டார், அம்மா இருக்கிறார், நம் கண்காட்சியில் வைத்தால் அம்மா வந்து பார்ப்பார் என்றார். அந்த வாரம் கண்காட்சிக்காக நாற்பது பதக்கம் வந்து குவிந்திருந்தது. அண்ணன் பார்த்தார். எடை குறைவு. முகம் மொழுக்கென்று இருந்தது, பின்பக்கத்தில் வெட்டிய பெயரில் பாதி எழுத்து இல்லை. விளக்கில் காட்டினால் ரிப்பன் நீலமாக எரிந்தது. 'நகல்' என்று எழுதினார். நானும் எழுதினேன்: 'அளவு குறைவு. நகல்.'

அண்ணன் எவ்வளவோ பக்குவமாகத்தான் சொன்னார். அம்மையார் பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது அந்தத் தாய் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ நாப்பது வருஷமா என்கிட்ட பொய்யா சொல்லிட்டிருந்தாரு?" மறுநாள் கூடத்துச் சுவரிலிருந்து கணவரின் படத்தைக் கழற்றினார். இரண்டு ஆண்டுகளில் அவரும் போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்ததும் மகள் அந்தப் பதக்கத்தைக் கொண்டுவந்து, "இது எங்க வீட்ல இருக்க வேண்டாம்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாம் அதை நகல்கள் வைக்கும் இழுப்பறையில் போட்டோம்.

போன ஆண்டு ஒருநாள், புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவருக்கு வார்த்த நகல் எப்படிச் சுருங்கும் என்று காட்டுவதற்காக, அண்ணன் அந்த இழுப்பறையிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து அளந்தார். இதுதான் வந்தது. அளவு சுருங்கவில்லை. ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை! அண்ணனின் முகம் வெளுத்ததைப் பார்த்தவன் நான். உறுப்பினரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நான் தப்புப் பண்ணலாம்டா. வயசாச்சு. நீ எப்படித் தப்புப் பண்ணினே? அன்னைக்கு அளந்தியா?"

"அளந்தேன்னுதான் நினைக்கிறேன்ணே. வெர்னியர்ல ஏதாவது கோளாறு இருந்திருக்கும்."

இப்படிச் சொன்னவன் நான்தான், அன்பர்களே! அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நான் சொன்னதை அப்படியே நம்பி, என் வெர்னியரை எடுத்துக்கொண்டு தன் பழைய தொழிற்சாலைக்குப் போனார். மூன்று முறை சோதித்தார்கள். "கருவி சரியாத்தான் இருக்கு, அப்புறம் எப்படி?" என்று தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தார். நான் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவன்போலக் கடிகாரத்தைக் குடைந்துகொண்டிருந்தேன்.

பிறகு அந்த அம்மையார் வீட்டுக்கு இருவரும் போனோம். "ரிப்பன் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டார் அண்ணன். "மாத்தவே இல்லையே. அப்பாவோட நினைவுநாள் வந்தா அம்மா ரிப்பனைப் பிரிச்சு, சோப்புப் பவுடர் போட்டுத் துவைச்சு, இஸ்திரி போட்டுத் திரும்பத் தைப்பாங்க. பதக்கத்தைப் பாலிஷ் போட்டுத் தேய் தேய்னு தேய்ப்பாங்க" என்றார் அவர். அண்ணன் அன்றே வீட்டுக்கு வந்து, பழைய ரிப்பன் ஒன்றைச் சோப்புப் பவுடரில் ஊறவைத்தார். "நாப்பது வருஷமா ஒரு கைக்குட்டை துவைச்சதில்லை, இன்னைக்கு ரிப்பன் துவைக்கிறாராம்!" என்று அண்ணி கேலி செய்தது எனக்கு நினைவிருக்கிறது. காய்ந்த ரிப்பனை விளக்கில் காட்டினார். நீலமாகப் பளிச்சிட்டது. வெளுப்பாகத் தெரியச் சோப்புப் பவுடரில் சேர்க்கும் மருந்துதான் அப்படி எரிகிறது. எடை குறைந்ததும், முகம் மழுங்கியதும், பெயர் அழிந்ததும் வருடா வருடம் அந்தத் தாய் தேய்த்த தேய்ப்பு. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

நம் செயற்குழுவுக்கு அவர் கடிதம் எழுதினார். 'தவறு முழுவதும் என்னுடையது. நகல் என்று கொடுத்த சான்றிதழை மாற்றுங்கள். சங்கத்தின் இதழில் என் பெயர் போட்டு வருத்தம் தெரிவியுங்கள்' என்று எழுதினார். என்ன நடந்தது? "பார்க்கலாம்" என்றார்கள். "ஒண்ணு தப்புன்னா எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க, சங்கத்தோட பேர் என்னாகிறது?" என்றார்கள். எட்டு மாதம் கடிதம் கோப்பில் தூங்கியது. மருத்துவமனையில் நினைவு தப்புவதற்கு முந்தைய நாள்கூட என்னைக் கேட்டார்: "இதழ்ல போட்டாங்களாடா?" "அடுத்த இதழ்ல வருதுண்ணே" என்றேன். இது நான் அவரிடம் சொன்ன இரண்டாவது பொய்.

தலைவர் மணி அடிக்கிறார். கேட்கிறது ஐயா. இன்னும் கொஞ்சம்தான்.

முதல் பொய் என்ன? எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. நகல் என்று தெரிந்தால் அண்ணன் தன்னை அறியாமல் நாக்கால் 'ச்' என்று சொல்வார். பாவம், ஏமாந்தவர்மேல் வரும் பரிதாபத்தில் வரும் சத்தம் அது. அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். அசலென்றால் சத்தம் இருக்காது, அப்போது ஒழுங்காக அளப்பேன். 'ச்' கேட்டுவிட்டால்? அண்ணனே சொன்ன பிறகு என்ன இருக்கிறது என்று, வேலை அதிகமான நாட்களில் வெர்னியரைத் தொடாமலே 'அளவு குறைவு' என்று எழுதிப் போட்டிருக்கிறேன். ஒன்றல்ல, இரண்டல்ல, எத்தனை என்று எனக்கே தெரியாது. அந்தப் பதக்கமும் அப்படித்தான். அன்று நான் அதை அளக்கவில்லை. கையில்கூடச் சரியாக எடுத்துப் பார்க்கவில்லை.

ஐயோ, தன் கண்ணைத் தானே நம்பாமல் இரண்டாவது ஆளை வைத்த மனிதர்! அந்த இரண்டாவது ஆளாக என்னையா வைத்திருந்தார்! கடைசிவரை எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு போனாரே, நான் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்காதா? வெர்னியர் சரியாக இருக்கிறது என்று தெரிந்த அன்றே அவருக்கு என்னைப் பற்றிப் புரிந்திருக்குமா? புரிந்தும் கேட்காமல் விட்டாரா? தெரியவில்லை. அண்ணி, என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அஞ்சலியாக நான் எடுக்கும் உறுதிமொழியைக் கேளுங்கள். அந்தப் பதக்கத்தை இந்த வாரம் மூன்று நாள் உட்கார்ந்து ஒழுங்காக அளந்தேன். அது அசல். அச்சில் அடித்தது. என் சீட்டு இதோ, அண்ணன் போன ஆண்டே எழுதிவைத்த சீட்டும் இதோ. இரண்டும் ஒத்துப்போகின்றன. அந்த வீரர் தன் மனைவியிடம் பொய் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் நானும் சேர்ந்து நகல் என்று எழுதிய ஒவ்வொரு பதக்கத்தையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். உங்கள் கண் முன்னே அளக்கிறேன், என்ன எண் வருகிறதோ அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் தகுதி எனக்கில்லை, அதை இன்றோடு விடுகிறேன். சங்கத்தின் பெயர் கெடும் என்றால் கெடட்டும். அண்ணனின் கடிதம் அடுத்த இதழில் வரும், அதற்குக் கீழே என் கடிதமும் வரும். வராவிட்டால் ஒவ்வொரு உறுப்பினரின் வீட்டுக்கும் நானே நடந்துபோய் இரண்டையும் படித்துக்காட்டுவேன்.

கூட்டம் தொடங்கும் முன் வாசலில் நின்று இதையெல்லாம் அந்த அம்மையாரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. ஒன்றுதான் சொன்னார்: "எங்கம்மா இருந்தப்போ அளந்திருக்கணும்ங்க."

அளந்திருக்க வேண்டும், அம்மா.