அடங்காத பதில்

அல்சூர் நிலையத்தில் மெட்ரோவின் கதவுகள் மூடிக்கொண்டபோது, கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிய இளைஞன் அருகில் நின்ற பெண்ணிடம் சொன்னான்: "அந்த நெட்வொர்க் ஸ்விட்ச் சாகல, கவிதா. அது சொல்ல வேண்டிய பதில் பெரிசு, அவ்வளவுதான்."

"அப்ப ஏன் வாயே திறக்கல?"

"பதில் ஒரே டேட்டா பாக்கெட்ல அடங்கல. 'அடங்கல'ன்னு எரராவது அனுப்பணும். ஸ்விட்சுக்குள்ள நீ எழுதின புரோகிராம் கோடு சத்தமில்லாம முழுங்கிடுது."

"பதில் வரலன்னா, ஸ்விட்சைக் கண்காணிக்கிற நம்ம சாஃப்ட்வேர்..."

"செத்துப்போச்சுன்னு நெனச்சு ஸ்விட்சையே ரீஸ்டார்ட் பண்ணும். காலைல டெஸ்ட்ல பண்ணிச்சே! இன்னிக்கு அதை ஆஸ்பத்திரியில ஏத்துறாங்க. அங்க ஐசியூ மானிட்டரெல்லாம் இதே மாதிரி ஸ்விட்ச்லதான் இருக்கு."

அவள் கைப்பிடியை இறுகப் பற்றினாள்.

"பதிலை வைக்கிற பஃபரைப் பெரிசாக்கிட்டா?"

"நாளைக்கு அதைவிடப் பெரிசா ஒண்ணு வரும். அடங்கலன்னு சொல்லட்டும் தாயே, துண்டு துண்டா கேட்டுக்கலாம். சொல்றதுக்கு என்ன கூச்சம்?"

அவளுடைய கைப்பேசி ஒலித்தது. மேலாளரின் குரல் எதிரே நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"எல்லாம் ரெடியாம்மா? ஏத்திடலாமா?"

அவள் பேசவில்லை.

"ஹலோ? கவிதா? சரி, லைன் கட் ஆயிடுச்சு போல. நான் ஏத்தச் சொல்லிடறேன்."

இளைஞன் அவள் முகத்தையே பார்த்தான்.

"சார், இருக்கேன்! ஏத்தாதீங்க. தப்பு என் கோடுலதான். விஷயம் பெரிசு, போன்ல அடங்காது. வந்து ஒவ்வொண்ணா சொல்றேன்."

மறுமுனையில் வசவு தொடங்கியது. அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இதையேதான் கோடுலயும் எழுதச் சொன்னேன்" என்றான் அவன், மெல்ல.